அப்பாவின் நாற்பத்துநான்கு மாடுகள்

கடந்த ஐப்பசியில் அப்பாவின் இறுதிக் கிரியைக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். மொன்றியலில், சென்ட் லோரன்ட் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவர்களில் அரைவாசிப் பேராவது அன்று அந்த மண்டபத்தில் நின்றீர்கள், தலைக்குச் சாயம் அடித்தவர்களும் அடிக்க மறந்தவர்களுமாக. தேவாரம் முடிந்து வெளியே வந்ததும் நீங்கள் என்னிடம் முதலில் கேட்டது அப்பா என்ன வருத்தத்தில் போனார் என்பதல்ல. "உந்த யூனிபோர்ம் போட்ட வெள்ளையள் ஆரடி? உன்ரை அப்பா பொலிஸிலையோ இருந்தவர்?" என்றுதான் கேட்டீர்கள்.

ஆறு பேர் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் எழுபதுக்கு மேல். கடும் நீல உடுப்பு வயிற்றில் இறுகி, பொத்தான்கள் எப்போது தெறிக்கும் என்று பயமாக இருந்தது. வாய்க்கரிசி போடும் வரிசையில் அவர்களும் நின்றார்கள். ஒருவர் என்னிடம் வந்து, எத்தனை பிடி போட வேண்டும் என்று பிரெஞ்சில் இரகசியமாகக் கேட்டார். மூன்று என்றேன். அவர் மூன்று தரம் போட்டுவிட்டு, அப்பாவின் கையை ஒருக்கால் தொட்டுவிட்டுப் போனார். அன்று உங்களுக்கு நான் மழுப்பலாக ஏதோ சொன்னேன். இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு பொய்யை எடுத்துவிட வேண்டும். வகுப்பில் எங்கள் ரீச்சர் ஒவ்வொருவராக எழுப்பி அப்பா என்ன வேலை என்று கேட்டபோது, பால் கம்பெனியில் மானேஜர் என்று நான் சொன்னேன். ஞாபகம் இருக்கிறதா? அது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. அம்மாவின் தமையன், எங்கள் பெரிய மாமா, மொன்றியல் முழுக்கச் சொல்லி வைத்திருந்த கதை அது. உண்மையில் அப்பா ஒரு பண்ணையில் மாடு கறந்தவர். சாணம் அள்ளியவர், வைக்கோல் போட்டவர், கன்று ஈன்றால் கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு இழுத்தவர். அந்தக் கொட்டிலில் நாற்பத்துநான்கு கறவை மாடுகள். மொன்றியலில் இருந்து ஒன்றரை மணித்தியாலம் காரில் போனால் ஒரு சிறிய ஊர். பெயர் ஒரு புனிதரின் பெயர்தான். கியூபெக்கில் எந்த ஊருக்குத்தான் புனிதர் இல்லை?

இலங்கையிலிருந்து வந்து முதல் எட்டு மாதம் நாங்கள் பெரிய மாமாவின் வீட்டு நிலக்கீழ் அறையில் இருந்தோம். அப்பா டவுன்டவுனில் ஒரு ரெஸ்ரோறன்ட் குசினியில் சட்டி கழுவினார். ஜன்னல் இல்லாத குசினி. வேலையால் வந்து கதிரையில் இருந்தால் அசையமாட்டார். பேந்து வேலை தேடிக் கொடுக்கும் அலுவலகத்தில் யாரோ பண்ணை வேலை பற்றிச் சொல்ல, ஒரு கிழமை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர், கன்னம் இரண்டும் சிவந்து, பசியோடு திரும்பி வந்தார். அடுத்த மாதமே எங்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா அழுதுகொண்டே சாமான் கட்டினாள்.

அங்கே போய் முதல் இரண்டு வருடமும் அம்மா ஒருநாளாவது அந்த மாட்டுக் கொட்டிலுக்குள் கால் வைத்ததில்லை. அப்பா வேலையால் வந்தால் வெளி வாசலிலேயே உடுப்பை மாற்ற வேண்டும். அவருக்குத் தனிச் சவர்க்காரம், தனித் துவாய். நானும் சளைத்தவள் இல்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அப்பா என்னைத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுவந்து விடுவார். காரை இரண்டு தெரு தள்ளி நிற்பாட்டச் சொல்லுவேன். காரில் மாட்டு மணம், உங்களுக்கு மணத்துவிடும் என்ற பயம். அவர் ஏன் என்று கேட்டதே இல்லை. "ஓம் பிள்ளை" என்று நிற்பாட்டிவிட்டு, வகுப்பு முடியும்வரை அங்கேயே இருப்பார்.

இந்த "ஓம்" தான் அப்பாவைப் பற்றி எனக்குப் பெரிய கோபம். யார் என்ன கேட்டாலும் ஓம். தேவாலயப் படியில் பனி தள்ள ஆள் இல்லை என்று பாதிரியார் சொன்னால், ஓம். கோடை முடிவில் ஊர் கூடிச் சோளம் அவிக்கும் விழாவுக்கு அடுப்புப் பார்க்க ஆள் வேண்டுமா, ஓம். அங்கே அவர் அவித்த சோளத்தை நெருப்பில் வாட்டி, தேசிக்காயில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தேய்த்துக் கொடுத்து, முழு ஊரையும் மூக்கால் தண்ணீர் ஓட வைத்ததும் நடந்தது. அடுத்த வருடம் அதற்கென்றே தனி வரிசை நின்றது. அந்த ஊர்த் தீயணைப்புப் படையில் சம்பளக்காரர் கிடையாது. கமக்காரரும் கடைக்காரரும் சங்கு ஊதினால் ஓடிப் போவார்கள். அப்பா வேலை செய்த பண்ணைக்காரரும் அதில் இருந்தார். ஆள் குறைவாக இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டார். அதற்கும் ஓம். மண்டபத்தில் நீங்கள் கண்ட கடும் நீல உடுப்பு அந்தப் படையுடையதுதான்.

"ஆரின்ரையோ வீடு எரிஞ்சா உங்களுக்கென்ன? உங்களுக்கு ஏதும் நடந்தா இந்தப் பிள்ளையை ஆர் பாக்கிறது?" என்று அம்மா கத்தினாள்.

"எரியேக்கை ஆரின்ரை வீடெண்டு பாக்கேலுமே?" என்றார் அப்பா, அவ்வளவுதான்.

அவருடைய பிரெஞ்சு மாட்டுக் கொட்டிலில் படித்த பிரெஞ்சு. கியூபெக்காரர் கோபம் வந்தால் தேவாலயத்துப் பூசைப் பாத்திரங்களின் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். அது திட்டு என்று தெரியாமல் அப்பா அந்தச் சொற்களை வணக்கம், நன்றிக்கு நடுவிலே தாராளமாகப் போட்டுக் கதைப்பார். பாதிரியாரோடும் அப்படித்தான். பாதிரியார் நல்ல மனிதர், ஒருநாளும் திருத்தவில்லை. எனக்குத்தான் பள்ளிக்கூட வாசலில் நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் பெரிய மாமா அப்பாவுக்கு ஒரு வேலை பிடித்தார். அவர் வேலை செய்த சென்ட் லோரன்ட் மருந்துத் தொழிற்சாலையிலேயே, குளிசை அடைக்கும் பகுதியில். வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, கையுறை. அம்மாவுக்கு அந்த வெள்ளைக் கோட்டு நினைவு வந்தாலே முகம் மலர்ந்துவிடும். மாமா தன் போர்மனிடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி வாங்கிய இடம். தை மாதம் தொடங்க வேண்டும். அப்பா வழமைபோல ஓம் என்றார். பண்ணைக்காரரிடமும் போய்ச் சொன்னார். பண்ணைக்காரர் வெளியே போய் ஒரு மணித்தியாலம் விறகு கொத்தினாராம். அப்பா ஒரு கிழமையாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை நான் அப்போது கவனித்தேன், ஆனால் பெரிதாக எடுக்கவில்லை. மொன்றியலுக்குத் திரும்பப் போகும் சந்தோசத்தில் என் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த மழை வந்தது. நீங்களும் அதில் மாட்டியவர்கள்தான், உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மழையாக விழுந்து தொட்ட இடத்தில் கட்டியாகும் மழை. முதல் நாள் எவ்வளவு அழகாக இருந்தது! முள்ளுக்கம்பி வேலி, உடுப்புக் கொடி, அம்மா வெளியே மறந்துவிட்ட விளக்குமாறு எல்லாம் கண்ணாடிக்குள் போட்டதுபோல மினுங்கின. இரண்டாம் நாள் மேப்பிள் மரங்கள் முறியத் தொடங்கின. வெடிச் சத்தம் போலவே இருக்கும். நாங்கள் வெடிச் சத்தம் கேட்டு வந்தவர்கள் அல்லவா, ஒவ்வொரு கொப்பு முறியும்போதும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே குனிவாள். மின்கம்பங்கள் ஒன்றின் பின் ஒன்றாகச் சரிந்தன. கரண்ட் போனது. எங்கள் வீட்டுச் சூடாக்கி கரண்டில் ஓடுவது. நாங்கள் விறகு அடுப்பு இருந்த பண்ணைக்காரர் வீட்டுக் குசினிக்குக் குடிபெயர்ந்தோம்.

கரண்ட் இல்லாத வாழ்க்கை எங்களுக்குப் புதிதா? அம்மா ஜாம் போத்தலில் பஞ்சைத் திரித்துப் போட்டு, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, விரல் நுனி அளவு சுடரில் விளக்குக் கொளுத்தினாள். யாழ்ப்பாணத்தில் நான் அந்த விளக்கில்தான் எழுத்துப் படித்தேன். பண்ணைக்காரரின் மனைவி அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த நாள் பாடசாலை மண்டபத்தில் தங்கியிருந்த ஆட்கள் வெறும் ஜாம் போத்தல்களோடு எங்களைத் தேடி வந்தார்கள்.

மனிதர் சமாளிக்கலாம், மாடு சமாளிக்காது. கறக்கும் மெசினுக்குக் கரண்ட் வேண்டும். கிணற்று மோட்டாருக்கும் வேண்டும். தண்ணீரைத் தீயணைப்பு வண்டியில் நிரப்பி, அப்பாவும் மற்றவர்களும் பண்ணை பண்ணையாகக் கொண்டுபோய் ஊற்றினார்கள். கறப்பதற்கு, உழவு மெசினில் பூட்டும் ஜெனரேற்றர் ஒன்றை ஐந்து பண்ணைக்காரர் முறை வைத்துப் பாவித்தார்கள். எங்களுக்குக் காலை பதினொரு மணி முறை. இரண்டாம் கிழமைச் செவ்வாய்க்கிழமை, எங்களுக்கு முந்திய முறைக்காரரின் முற்றத்தில் அந்த ஜெனரேற்றர் புகைத்துவிட்டு நின்றுபோனது. மாற்றுச் சாமான் எங்கும் இல்லை. முந்தின நாள் பதினொரு மணிக்குப் பிறகு அந்த நாற்பத்துநான்கு மாடும் கறக்கப்படவில்லை. மடி கல்லாகிக் கால் அகட்டி நின்றன. இரவைக்கும் கறக்காவிட்டால் மடியில் நோய் விழும், பேந்து பட்டியே போய்விடும். பண்ணைக்காரர் தகப்பன் காலத்திலிருந்து சேர்த்த பட்டி அது. கொட்டில் முழுக்க ஒரே கதறல். அந்தச் சத்தம் கல் நெஞ்சையும் உலுக்கும்.

சரியாக அந்த மத்தியானம்தான் பெரிய மாமாவின் வான் வந்து நின்றது.

தெருவில் உப்புப் போட்டுப் பாதை திறந்ததும் எங்களைக் கூட்டிப்போக வந்திருந்தார். சாமான் தூக்க அவருடைய வீட்டில் வாடகைக்கு இருந்த மூன்று பெடியன்களையும் ஏற்றி வந்திருந்தார். மூன்று பேரும் டவுன்டவுன் ரெஸ்ரோறன்ட்களில் வேலை செய்தவர்கள், அங்கே கரண்ட் இல்லாததால் வேலையும் இல்லை. மாமா புதுத் தோல் கோட்டுப் போட்டிருந்தார். வியாழன் காலை தொழிற்சாலை திறக்கிறது, வியாழன் ஏழு மணிக்கு அப்பா அங்கே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று போர்மன் சொல்லிவிட்டாராம். நான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் முதல் ஆளாக வானில் ஏறி இருந்துவிட்டேன்.

அப்பா கொட்டில் வாசலில் நின்றார்.

"நான் வரேல்லை மச்சான்," என்றார்.

அப்பாவின் வாயால் இல்லை என்ற சொல்லை அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? ஏறு வானிலை. நான் அந்தாளுக்கு வாக்குக் குடுத்திருக்கிறன்."

"மாடு கறக்காமல் நிக்குது. நானும் அவரும் அவரின்ரை மனுசியும் மூண்டு பேர். நாப்பத்துநாலை எப்பிடிக் கையாலை கறக்கிறது?"

"அது அவன்ரை மாடு! உன்ரை மாடே? வெள்ளைக்காரன்ரை மாட்டுக்காண்டி என்ரை தங்கச்சியையும் பிள்ளையையும் குளிரிலை சாக விடப்போறியோ?"

அம்மா அழத் தொடங்கிவிட்டாள். வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி எல்லாம் கண் முன்னே போவது அவளுக்குத் தெரிந்தது. வானுக்குள் இருந்த எனக்கும் ஆத்திரம். எங்களைவிட இந்த மனிதருக்கு மாடுதான் பெரிது என்று நினைத்தேன். பதின்மூன்று வயது முட்டாளுக்கு வேறென்ன தோன்றும்?

அப்பா சத்தம் போடவில்லை. வானைப் பார்த்தார், அதற்குள் இருந்த மூன்று பெடியன்களையும் பார்த்தார்.

"மச்சான், ஊரிலை எங்கடை வீட்டிலை ஏழு மாடு நிண்டது, விடிய எழும்பி நான்தான் கறக்கிறனான் எண்டு நீதானே சபை சந்தியிலை சொல்லுறனி? இப்ப இறங்கு. நாலு பேர் வந்திருக்கிறியள். எல்லாரும் இருந்தா இருட்ட முந்தி முடிச்சுப்போடலாம். பேந்து போவம்."

ஏழு மாட்டை இல்லை என்று சொன்னால் மானம் போகும். மாமா இறங்கினார்.

உள்ளே போய் முதல் வேலையாக மாமா செய்தது, கன்றைக் கேட்டது. எங்கள் ஊரில் கன்றை விட்டுச் சுரக்க வைக்காமல் யாராவது மாட்டில் கை வைப்பார்களா? அப்பா சுடுதண்ணீர் எடுக்கக் குசினிப் பக்கம் போயிருந்தார். பண்ணைக்காரர் கொட்டிலின் மறு தொங்கலில் தூரத்தில் நின்றார். மாமாவுக்குப் பொறுமை இல்லை. கொட்டிலின் மூலையில் அடைத்திருந்த பதினொரு கன்றுகளையும் கண்டுவிட்டு, "இந்தா, கன்று இஞ்சை நிக்குது! விடுங்கோடா பெடியள்!" என்று படலையைத் திறந்துவிட்டார்.

அந்தக் கன்றுகள் பிறந்த அன்றே தாயைப் பிரித்து வாளியில் பால் குடித்து வளர்ந்தவை. அவற்றுக்கு மடி என்றால் என்னவென்றே தெரியாது. மாடுகளுக்கும் இவை யார் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியாது. பதினொன்றும் வாலைத் தூக்கிக்கொண்டு சாணம் ஓடும் கானுக்குள் விழுந்தடித்து ஓடின. மாடுகள் மிரண்டு உதைத்தன. ஒரு பெடியன் வைக்கோல் கட்டின் மேல் ஏறி நின்று முருகா முருகா என்று கத்தினான். ஒரு கன்று மாமாவின் புதுக் கோட்டு நுனியை வாய்க்குள் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு சூப்பத் தொடங்கியது. அவர் இழுக்க இழுக்க அது விடவில்லை. பண்ணைக்காரர் பூசைப் பாத்திரங்கள் முழுவதையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு ஓடி வந்தார். வானில் குளிர் தாங்காமல் நான் உள்ளே வந்தது அந்த நேரம்தான். அப்பா சுடுதண்ணீர் வாளியோடு வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

கன்றுகளைப் பிடித்து அடைக்கவே அரை மணித்தியாலம் போனது. பிறகு அப்பா சுடுதண்ணீரில் துணி நனைத்து ஒரு மடியைத் துடைத்தார். மாடு பெருமூச்சு விட்டது. இரண்டு கையாலும் அவர் பிடித்த பிடியில் வாளியில் சர் சர் என்று சத்தம் கேட்டது. கன்றும் இல்லை, கால் கட்டும் இல்லை. மாமா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அடுத்த மாட்டுக்குக் கீழே குந்தினார். ஏழு மாட்டுக் கதை முழுப் பொய்யில்லை என்று அன்று தெரிந்தது. மனிதருக்கு நல்ல கை இருந்தது. பெடியன்கள் இரண்டு பேருக்குக் கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. முருகா என்றவன் மட்டும் வாளி தூக்கினான்.

கறந்தாலும் பால் எங்கே போவது? குளிராக்கும் தாங்கிக்குக் கரண்ட் இல்லை. பால் எடுக்கும் லொறி வருவதில்லை. பண்ணைக்காரர் முதல் வாளிகளைக் கொண்டுபோய்க் கொட்டிலுக்குப் பின்னால் பனியில் ஊற்றினார். அம்மா குசினி ஜன்னலால் அதைக் கண்டுவிட்டாள்.

அப்பாவின் காற்சட்டைக்கு மேல் தன் பாவாடையைக் கட்டிக்கொண்டு, பண்ணைக்காரரின் சப்பாத்தைக் காலில் கொளுவிக்கொண்டு அம்மா ஓடி வந்தாள். இரண்டு வருடமாகக் கால் வைக்காத அந்தக் கொட்டிலுக்குள், சாணத்தையும் பாராமல் நேரே நடந்து, பண்ணைக்காரரின் கையில் இருந்த வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் ஒரு பக்கம் இழுக்க, இவள் மறுபக்கம் இழுக்க, நல்ல பகிடி. அம்மாவுக்குத் தெரிந்த பிரெஞ்சு போன்ஜூரும் மெர்சியும்தான். ஆகவே தமிழிலேயே ஏசினாள்.

"பாலைக் கொண்டுபோய் மிதிபடுற இடத்திலை ஊத்துறதோ? கடவுள் பொறுப்பாரே? நாளைக்குப் பொங்கல்! பச்சைக் குழந்தையளோடை அவ்வளவு சனம் பள்ளிக்கூடத்திலை குளிருக்கை கிடக்குது, இவருக்குப் பால் கூடிப்போச்சு! இஞ்சேருங்கோ, சொல்லுங்கோ இந்தாளுக்கு!"

அப்பா சொன்னார். எப்படிச் சொன்னாரோ, நடுவில் எத்தனை பூசைப் பாத்திரம் போட்டாரோ, பண்ணைக்காரர் வாளியை விட்டுவிட்டார். பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், வளவுக்குப் பின்னால் மேப்பிள் பாகு காய்ச்சும் கொட்டிலைத் திறந்து காட்டினார். கட்டில் அகலத்துக்கு ஒரு தாச்சி, அதற்குக் கீழே விறகடுப்பு. அதைக் கண்டதும் அம்மாவின் அழுகை எங்கே போனதோ தெரியாது. அவள் பாவாடையைத் தூக்கிச் செருகினாள்.

அன்று பின்னேரம் தீயணைப்பு வண்டியில், பால் கேன்களை ஆட்கள் மடியில் வைத்துப் பிடித்தபடி, பாடசாலை மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். நன்றாகக் கொதித்த பால், அரைவாசி இஞ்சியும் ஏலக்காயும் போட்ட தேத்தண்ணீராக. மடக்குக் கட்டில்கள் வரிசையாகப் போட்டு, போர்வைக்குள் முழு ஊரும் கிடந்தது. ஈரக் கம்பளி மணம், பிள்ளைகளின் இருமல். அப்பா ஒவ்வொரு கட்டிலாகக் குவளையோடு போனார். எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதுதான் என்னை அப்படியே நிறுத்திவிட்டது. கிழவர், குழந்தை, தெப்பனர் என்கிற மூலைக்கடை வைத்திருந்தவர், என் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார், அத்தனை பேரின் பெயரும் அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வருடமாக யார் வீட்டுப் பனியைத் தள்ளினார், யார் வீட்டுப் புகைபோக்கி நெருப்பை அணைத்தார் என்று வீட்டில் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. என் அப்பா என்று அங்கே எல்லோருக்கும் கேட்கக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை, குவளை கழுவினேன்.

ஆனால் அம்மா மாறிவிட்டாள் என்று அவசரப்பட்டு நினைக்காதீர்கள். "பால் வேறை, வேலை வேறை. வியாழன் விடிய நீங்கள் அங்கை நிக்க வேணும்," என்று அன்றும் சொன்னாள், புதன்கிழமையும் சொன்னாள். புதன்கிழமை பாகு காய்ச்சும் கொட்டிலில் பொங்கினோம். பால் பொங்கி வழிந்தபோது பண்ணைக்காரரின் மனைவி ஐயோ வீணாகிறதே என்று பானையைத் தூக்கப் பாய்ந்தார். மாமா குறுக்கே நின்று இரண்டு கையையும் விரித்து மறித்தார். ஜெனரேற்றருக்குச் சாமான் இன்னும் வரவில்லை. ஆகவே காலையும் மாலையும் கையால்தான். மாமாவும் பெடியன்களும் ஒவ்வொரு கறவைக்கும் இதோடு போகிறோம் என்றார்கள். முடிந்ததும் வானைத் திருப்பியும் பார்க்காமல் அடுப்படியில் விழுந்து படுத்தார்கள்.

வியாழன் விடிந்தது. ஊரில் பட்டிப்பொங்கல் நாள். மாமா அம்மாவின் குங்குமத்தை வாங்கி, நாற்பத்துநான்கு நெற்றியிலும் பொட்டு வைத்துக்கொண்டு போனார். நாலு வரிசையில் இரண்டு கறந்து முடிய ஏழு மணி ஆகப்போகிறது. தொழிற்சாலைக்குச் சொல்ல வேண்டும். தொலைபேசி தீயணைப்பு நிலையத்தில் மட்டும்தான் வேலை செய்தது. பெடியன்களைக் கறக்க விட்டுவிட்டு, அப்பாவும் மாமாவும் நானும் ஓடினோம். அப்பாதான் சொல்லுவேன் என்று நின்றார். என் வேலை, நான்தான் சொல்ல வேண்டும் என்றார். ஆனால் அவருடைய விரல்கள் வீங்கி வாழைப்பழம் மாதிரி இருந்தன. இரண்டு தரம் நம்பரைப் பிழையாக அமத்தினார். காலையில் அவருடைய சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட்டதும் நான்தான். மாமா அவருடைய கையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். ரிசீவரைப் பறித்தார்.

மாமாவின் ஆங்கிலம் எப்போதும் உரத்த ஆங்கிலம். பின்னால் தொலைபேசிக்கு இருபது பேர் வரிசையில் நின்றார்கள்.

"குட் மோர்னிங் சேர். மை பிரதர் இன் லோ நொட் கம்மிங் ருடே. நோ சேர், நோ சிக். கௌ சேர். கௌ! ஹீ இஸ் மில்க்கிங் த கௌ."

போர்மன் ஏதோ கத்தினார். எங்களுக்கே கேட்டது. மாமாவின் முகம் கறுத்தது. பத்து வருடமாக அந்தப் போர்மனின் முன்னால் தலை குனிந்து நின்றவர். வாக்குக் கொடுத்தவர். ஒரு கணம் அப்பாவைப் போ என்று சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன்.

"சேர், லிசின்," என்றார் மாமா. "ஐ ஓல்சோ நொட் கம்மிங். ஐ ஓல்சோ மில்க்கிங்."

சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார். வரிசையில் ஆங்கிலம் விளங்கிய ஒருவர் மற்றவர்களுக்குப் பிரெஞ்சில் சொன்னார். ஒரு கிழட்டுக் கமக்காரர் முன்னால் வந்து, மாமாவின் விரல்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் கையுறையைக் கழற்றி மாமாவின் கையில் வைத்துவிட்டுப் போனார். மாமாவின் வேலை பிறகு தப்பியது. அப்பாவின் இடம் அன்று போனது போனதுதான்.

கொட்டிலுக்குத் திரும்பி நடந்தோம். இனி அம்மாவிடம் சொல்ல வேண்டும். அந்த வெள்ளைக் கோட்டுக்காக அவள் எத்தனை விரதம் பிடித்தாள் என்று எனக்குத் தெரியும். கொட்டிலுக்குள் அவள் குந்தியிருந்து கேன் உரஞ்சிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை நுரை. எங்கள் மூன்று பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்த இடம் போயிட்டுது தங்கச்சி," என்றார் மாமா.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பெடியன்கள் கறப்பதை நிற்பாட்டிவிட்டார்கள். அம்மா கையைப் பாவாடையில் துடைத்தாள். பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த கழுவிய வாளியை எடுத்து, எழும்பி வந்து அப்பாவிடம் நீட்டினாள்.

"அப்ப ஏன் நிக்கிறியள்?" என்றாள். "கடைசி வரிசை இன்னும் கறக்கேல்லை."